பதினெட்டாவது இடத்தில் கிண்டி

விரிஞ்சிபுரத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ்ஸைப் பஞ்சாட்சரம் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். செதுவாலை, பள்ளிகொண்டா, அகரம்சேரி, மாதனூர். இந்த நாலும்தான் ஸ்டாப். நடுவழியில் யார் எதற்காகக் கத்தினாலும் பஸ் நிற்காது. "உனக்கு நிறுத்துனா அடுத்தவ எனக்கும்பா. அப்புறம் இது பஸ் இல்ல, மாட்டுவண்டி" என்பார். கோபக்காரர் இல்லை, பிடிவாதக்காரர். பஸ்ஸில் வரும் பெண்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவர் மனைவி கெங்கம்மாள் மஞ்சள்காமாலையில் இறந்தபோது மகள் பாரதி ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். காலை ஆறே முக்காலுக்கு பஸ்ஸை எடுக்க வேண்டும். குழந்தையை வீட்டில் தனியாக விட்டுப்போக மனம் வரவில்லை. தன்னோடு பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டுபோய், பள்ளிகொண்டாவில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட ஆரம்பித்தார். கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஷபீ அஹமது சார் அதை இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

முதல் நாள் அவளுக்கு அப்பாதான் தலை வாரியிருந்தார். அந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, முன்சீட்டில் இருந்த ஒருத்தி பிள்ளையை மடியில் இழுத்து உட்காரவைத்து, எல்லாவற்றையும் அவிழ்த்துப் புதிதாகப் பின்னினாள். அன்றிலிருந்து பன்னிரண்டாவது முடியும்வரை பாரதி விரித்த தலையோடு ஏறி, இரட்டைப் பின்னலோடு இறங்கினாள். அவள் பெரியவளான சேதியும் பஸ்ஸுக்குத்தான் முதலில் தெரிந்தது. அப்பாவுக்கு மாதனூர் தாண்டித்தான் சொன்னார்கள்.

அப்படி வளர்ந்த பெண் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். கட்-ஆஃப் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு வேறு இருந்தது. படிப்புச் செலவும் ஹாஸ்டல் செலவும் அரசாங்கத்துடையது. கிண்டியில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தில் கேட்ட பிரிவு கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். எந்தத் தடையும் இல்லை, பஞ்சாட்சரத்தைத் தவிர.

அவர் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னவர் இல்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். "போம்மா, நல்லா போ" என்றுதான் எல்லார் எதிரிலும் சொன்னார். ஆனால் அவள் போய்விட்டால் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு எரியாது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆன்லைன் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்க மூன்று நாள் கெடு. முதல் நாள் பாரதிக்கு நல்ல காய்ச்சல். எழுந்து உட்கார முடியவில்லை. கிண்டியை முதலில் போட்டு ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். பட்டியலைப் பதியவும் மாற்றவும் வேண்டிய ஓ.டி.பி. வருவது அப்பாவின் செல்லுக்குத்தான். அதனால் அவரே பள்ளிகொண்டா கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார். அங்கே நாற்காலியில் உட்கார்ந்ததும் மகள் கொடுத்த தாள் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

"மொதல்ல வேலூர் போடுப்பா" என்றார். வேலூர், வீட்டிலிருந்தே தினமும் போய்வரும் தூரம்.

அப்புறம் இராணிப்பேட்டை, வாலாஜா, காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் என்று ரோட்டில் வரும் வரிசையிலேயே பதினேழு தனியார் கல்லூரிகளைச் சொன்னார். தப்பு செய்வதிலும் மனுஷர் ஒழுங்கு தவறவில்லை. கிண்டியைச் சேர்க்காமலே விட்டுவிடலாமா என்று நினைத்தார். அவ்வளவுக்குத் துணியவில்லை. கடைசியாக, பதினெட்டாவதாகச் சேர்த்தார். முதல் கல்லூரியே கூப்பிட்டுக் கொடுக்கிற மார்க்குக்குப் பதினெட்டாவது இடம் எதற்கு? சென்டரில் கொடுத்த பிரிண்டை மகள் கண்ணில் படாமல் பஸ்ஸில் செருகிவைத்தார்.

"கிண்டி இருக்குதில்லப்பா?" என்று பாரதி போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

"இருக்குது, இருக்குது. நீ கஞ்சி குடி."

மூன்றாம் நாள் சாயங்காலம். ஏழு மணிக்குப் பட்டியல் பூட்டிவிடும். கம்பெனியில் ஓவர்டைம் முடிந்து பஸ் கிளம்பவே தாமதம். பள்ளிகொண்டாவில் பாதிப்பேர் இறங்கியதும் மெர்சி முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். மெர்சி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவள். பி.எஸ்.சி. படித்துவிட்டு வந்தவள். புழுக்கம் தாங்காமல், டிரைவர் எதிரே செருகியிருந்த ஒரு தாளை எடுத்து விசிறிக்கொண்டாள். ஏதோ அச்சடித்திருக்கிறதே என்று பிரித்துப் பார்த்தாள்.

"இன்னா ணா இது? காலேஜ் லிஸ்டா, நம்ம பஸ் ரூட்டா?"

பஞ்சாட்சரம் கியரை மாற்றினார்.

"மொத பேரா வேலூர் கெடக்குது. கிண்டி கடைசில இருக்குது ணா! இப்படிப் போட்டா மொதல்ல இருக்கறதத்தான் குடுப்பான். கிண்டி வராது."

"நான் ஒண்ணும் வேணும்னு போடல" என்றார். யாரும் அப்படிக் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

நல்லவேளையாக மெர்சி அதைக் கவனிக்கவில்லை. செல்லை எடுத்துப் பாரதியைக் கூப்பிட்டாள். "பாரதி, லிஸ்டு தப்பா போயிருக்குது. இப்பவே மாத்து. உங்கப்பா செல்லுக்கு நம்பர் வரும், சொல்றோம்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரிக்கா" என்றாள் பாரதி.

மணி ஆறு நாற்பது. வண்டி ஓட்டும்போது பஞ்சாட்சரம் செல்லை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். சாவி அவர் இடுப்பில், வண்டி நின்றால்தான் எடுக்க முடியும்.

"வண்டிய நிறுத்துங்க ணா."

"செதுவாலை வரட்டும்."

டோல்கேட்டில் நீள வரிசை நின்றது. அதைத் தாண்டிச் செதுவாலை போய்ச் சேர ஏழாகிவிடும். அது மெர்சிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். வழக்கம்போல் ஓட்டிக்கொண்டு போனாலே போதும். யாரும் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடத்துச் சட்டம் அவருக்குச் சாட்சி சொல்லும்.

தினமும் அந்த நேரத்துக்கு அந்தப் பெண்கள் அவர் உயிரை வாங்குவார்கள். தண்ணி வந்துடும், புள்ள பசியில கத்தும், சீக்கிரம் வுடுங்க ணா என்று ஒரே பேஜார். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசி சீட்டிலிருந்து ஒருத்தி மட்டும் மெதுவாகச் சொன்னாள்:

"நிறுத்துங்க ணா. எங்க யாருக்கும் அவசரம் இல்ல."

அவர் இன்டிகேட்டர் போட்டார். பஸ் ஓரமாக, ஒரு புளியமரத்தடியில் நின்றது.

அப்புறம் நடந்தது பெரிய கூத்து. முதல் ஓ.டி.பி.யை நாலு பேர் நாலு விதமாக வாசித்ததில் நேரம் கடந்து அது செல்லாமல் போயிற்று. இரண்டாவது வந்தபோது மெர்சி எல்லாரையும் அதட்டி அடக்கி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். ஆறு ஐம்பத்து மூன்றுக்குப் பாரதி "ஆயிடுச்சிக்கா, கிண்டி மொதல்ல வந்துடுச்சி" என்றாள். இருபது பெண்கள் போட்ட சத்தத்தில் பின்னால் வந்த லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பஞ்சாட்சரமும் சிரித்தார். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

"டிரைவர் புத்தி, காலேஜையும் ஸ்டாப் வரிசைல போட்டுட்டாரு" என்று ஒரு மாதம் பஸ்ஸே கேலி செய்தது. அவரும் "பழக்கதோஷம்மா" என்று தலையைச் சொறிந்தார். ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் பின்சீட்டுகள் தெரியும் கண்ணாடியைப் பார்க்காமல் இருந்தார்.

பாரதிக்குக் கிண்டியிலேயே இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த முதல் வாரம் போனில் அவள் "சாப்டியாப்பா" என்பதற்கு மேல் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவாள் என்று தெரிந்து அவரும் வளர்த்தவில்லை. வகுப்பில் முழு நேரமும் இங்கிலீஷ். காதில் விழுந்ததையெல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதிவைத்துக்கொண்டு அறைக்கு வந்து பிரித்துப் பார்ப்பாளாம். முதல் தேர்வில் முப்பத்தொன்று வாங்கினாள். நூறு வாங்கிய கணக்கிலேயே முப்பத்தொன்று. அதை அவளால் ஒரு வாரம் அப்பாவிடம் சொல்ல முடியவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு நீண்டது. அறைத்தோழிகளில் ஒருத்தி தூத்துக்குடி, ஒருத்தி நாமக்கல். மெஸ்ஸில் பிரியாணி போட்டால் எல்லாரும் ஆம்பூர் பக்கத்துக்காரியின் முகத்தைத்தான் பார்க்கிறார்களாம். "அது பிரியாணி இல்லப்பா, குஸ்காவுக்கு வந்த கேடு." தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் சீனியர் அக்காக்கள் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அக்டோபர் வந்தபோது அவள் "நாங்க", "எங்க டிபார்ட்மென்ட்" என்று பேச ஆரம்பித்திருந்தாள். அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்த "நாங்க"வில் தான் இல்லையே என்றும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, காட்பாடியில் ரயிலேறிக் கிண்டிக்குப் போனார். பாரதி கேட்டுக்கே வந்து அழைத்துக்கொண்டு போனாள். சிவப்புக் கட்டடம், லைப்ரரி, அவள் உட்காரும் வகுப்பு என்று காட்டிக்கொண்டே வேகமாக நடந்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. ஹாஸ்டலுக்கு வெளியே மரத்தடி பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவளுக்கு இரண்டு மணிக்கு லேப். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"பாரதி, அந்த லிஸ்டு..."

"எந்த லிஸ்டு?"

"பழக்கதோஷம்னு சொன்னேனில்ல. அது பொய்மா. தெரிஞ்சேதான் மாத்திப் போட்டேன். நீ எழுதிக் குடுத்தது பாக்கெட்லயே இருந்துச்சி."

அவள் தரையைப் பார்த்தாள். "தெரியும்பா."

"மெர்சி சொன்னாளா?"

"இல்ல. நீ போட்டுட்டு வந்த அன்னிக்கே பாஸ்வேர்டு போட்டுப் பாத்துட்டேன். கிண்டி பதினெட்டாவதா இருந்துச்சி."

இரண்டு நாள் அவள் எல்லாம் தெரிந்துகொண்டு, அவர் ஆற்றிக் கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல? அப்பாவுக்காக வுட்டுக்குடுத்துட்டியா?" என்று கேட்கும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

"அய்ய, இல்லப்பா. உனக்காகன்னு நெனச்சிக்காத. எனக்கே பயமா இருந்துச்சி. கிண்டின்னு நெனச்சா தூக்கமே வராது. அந்த லிஸ்ட பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சி. பழி உன்மேல போயிடும், நான் நம்ம வீட்லயே இருந்துக்கலாம்னு நெனச்சேன்."

நாலு மாதமாகத் தான் ஒருத்தன்தான் திருடன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். இரண்டு பேருமே திருடர்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப அந்த மெர்சி மட்டும் விசிறிக்காம இருந்திருந்தா?"

"ரெண்டு பேரும் சௌக்கியமா வீட்லயே இருந்திருப்போம்" என்றாள் பாரதி. அவளும் சிரித்தாள்.

"இன்னமும் பயமா இருக்குதா?" என்று கேட்டார்.

"காலைல இருக்குது. கிளாஸுக்குப் போயிட்டா மறந்துடுது." அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு?"

"எனக்கு சாயங்காலத்துல. பஸ்ஸ வுட்டுட்டு வீட்டுக்குள்ள போவும்போது."

பாரதி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். மணி இரண்டாகப் போகிறது, லேபுக்கு நேரமாகிறது என்று அவர்தான் அவளை எழுப்பி அனுப்பினார்.