கோஸெய்யின் தொண்ணூற்றேழு

ஊராட்சி ஏட்டில் அவள் பெயர் கோஸெய். கோழி வருடத்தில் பிறந்தவள், இந்த வருடம் தொண்ணூற்றேழு. பிறந்தபோது வைத்த பெயர் மாக்கா. உண்மையில் பிறந்தது பாம்பு வருடம், வயது எண்பத்தொன்பது. கோஸெய் அவளுடைய அக்கா. போர் நடந்த ஆண்டு மழைக்காலத்தில், ஒகினாவாவின் வடக்கு மலைக்காட்டில் ஒளிந்திருந்தபோது காய்ச்சலில் செத்துப்போனாள். இது தெரிந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது இரண்டு பேர். ஒருத்தி மாக்கா. இன்னொருத்தி மூன்றாவது வீட்டு நாபே.

வேறு ஊராக இருந்தால் எழுபது வருடத்தில் சாட்சி யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். இங்கே அப்படியில்லை. நாபேக்குத் தொண்ணூற்றுநான்கு. காலையில் பாகல் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். மாலையில் மைதானத்தில் மரச்சுத்தியால் பந்து அடிக்கிறாள். தோற்றால் இரண்டு நாள் யாரோடும் பேசுவதில்லை.

அக்கா செத்தபோது அவள் பிள்ளை மோரிகிக்கு இரண்டு வயது. அவன் அப்பாவைப் படையில் சேர்த்துத் தெற்கே கொண்டுபோயிருந்தார்கள், அவர் திரும்பவில்லை. மாக்கா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினாள். கடற்கரையில் முகாம். தாயில்லாத குழந்தைகளைத் தனிக் கூடாரத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் கூடாரத்திலிருந்து தினமும் காலையில் ஒன்றிரண்டு சின்ன மூட்டைகளைத் தூக்கிப் போவதை அவள் வரிசையில் நின்றபடி பார்த்தாள். பெயர் எழுதுகிறவன் குழந்தை யாருடையது என்று கேட்டான். என்னுடையது என்றாள். பெயர் கேட்டான், கோஸெய் என்றாள். வயது இருபத்தைந்து என்றாள். அவளுக்குப் பதினேழு. பட்டினி கிடந்த முகத்தில் பதினேழுக்கும் இருபத்தைந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் செத்தவர்கள் யார் என்று கேட்டான். தங்கை மாக்கா என்றாள். அவளுக்கு அடுத்து நாபே நின்றிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய ஏடுகள் போரில் எரிந்துபோயிருந்தன. முகாம் பட்டியலைப் பார்த்துத்தான் புதிய ஏடு எழுதினார்கள். திருத்தச் சொல்லலாம் என்று ஒருமுறை ஊராட்சி வாசல்வரை போனாள். திருத்தினால் பிள்ளை அப்பா வழி உறவுக்குப் போய்விடும். திரும்பி வந்துவிட்டாள். ஊரில் விஷயம் தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அவளைப் பெற்றவளே அவளைக் கோஸெய் என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

கல்யாணம் ஆகாமலே விதவையானாள். விறகு சுமந்தாள். அன்னாசிப்பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையில் பதினெட்டு வருடம் தோல் சீவினாள். விரல் நுனியில் ரேகை தேய்ந்தது. மோரிகி வளர்ந்து மலைச்சரிவில் நாரத்தைத் தோட்டம் போட்டான். ஹரூயேயைக் கட்டினான். இப்போது அவனுக்கே எழுபத்துநான்கு.

அவள் பிறந்த வீட்டில், செத்தவர்கள் பெயரைச் சில்லில் எழுதிச் செருகும் முன்னோர் பலகையில், சிவப்புச் சில்லு ஒன்றில், பொன்னெழுத்தில் மாக்கா என்று எழுதியிருக்கிறது. முன்னோர் திருநாளுக்கு அங்கே போனால் தன் பெயருக்கு முன்னால் தானே கைகூப்ப வேண்டும். கூப்பிவிட்டு வருவாள். மோரிகி வீட்டுப் பலகையில் மேல் வரிசையில் அவன் அப்பா. அவர் மனைவிக்கான சில்லு கீழே எழுத்தில்லாமல் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவள் பெயரை யாரும் அதில் எழுத மாட்டார்கள். எழுபத்திரண்டு வருடமாகக் கோஸெய்யின் பெயர் சொல்லி ஒருவரும் ஒரு கிண்ணம் சோறு படைத்ததில்லை.

முதியோர் கூட்டத்தில் வயதுப்படிதான் பாய் விரிப்பார்கள். நிஜத்தில் ஐந்து வருடம் மூத்த நாபே கீழே உட்கார வேண்டும். வாசலிலேயே நின்றுகொண்டு, "வாங்கக்கா, மேல உக்காருங்கக்கா" என்பாள். எல்லோரும் அதை மரியாதை என்று நினைத்தார்கள். வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, என்ன சாப்பிடுகிறாள், எப்போது தூங்குகிறாள் என்று எழுதிக்கொண்டு, ரத்தம் எடுத்துப் போனார்கள். ரத்தக்குழாய்கள் வயதைவிட எட்டு வருடம் இளமையாக இருப்பதாகக் கடிதம் வந்தது. மோரிகி அதைச் சட்டம் போட்டு மாட்டினான்.

தொண்ணூற்றேழு நிறைவுக்குப் பெயர் கஜிமாயா. ஒன்பதாம் மாதம் ஏழாம் நாள், சிவப்பு உடுப்பில் திறந்த வண்டியில் உட்காரவைத்து ஊர்வலம் விடுவார்கள். கையில் காத்தாடி. வண்டி நிற்கும் இடமெல்லாம் சனங்கள் வந்து கையைத் தொட்டு, இந்த ஆயுசு எங்களுக்கும் வரட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். ஊரில் ஆறு வருடமாக ஊர்வலம் இல்லை. மோரிகி மேளத்துக்குச் சொல்லியிருந்தான். கோஸெய் என்ற பெயர் பெரிதாக அச்சடித்த தாள் கடைவாசல்களில் ஒட்டியாகிவிட்டது.

பன்னிரண்டு நாள் இருக்கும்போது நாபே பாகல் பந்தலுக்கு அவளைக் கூப்பிட்டாள். மல்லிகைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ஊரே வந்து கையைத் தொடுமே, யார் ஆயுசை எடுத்துக் குடுக்கப் போற?"

"என்னோடதத்தான்."

"உன் பேரைச் சொல்லியா கேக்கப் போறாங்க? கோஸெய்னு சொல்லித்தானே கேப்பாங்க. இருபத்தஞ்சுல செத்தவகிட்ட என்னடி இருக்கு குடுக்க?"

மாக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது என்ன என்று கேட்டாள்.

"என் கொள்ளுப்பேத்தி கைக்குழந்தையோட நாஹாவுலேந்து வர்றா. உன் கையில குடுத்து வாங்கணுமாம். வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது? நீ மோரிகிக்குச் சோறு போட்டது சரி. பொய் சொன்னதும் சரி. அதோட நிறுத்திக்க."

சோயாக்கட்டி ஒன்றை இலையில் சுற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

மாக்கா நான்கு நாள் யோசித்தாள். சொல்லாவிட்டால் வண்டியில் உட்கார வேண்டும். சொன்னால் எழுபத்திரண்டு வருடம் போய்விடும். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாமா என்றும் பார்த்தாள். இந்த ஊரில் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை மோரிகி முற்றத்தில் தாழை ஓலையைக் கீறிக் காத்தாடி செய்துகொண்டிருந்தான். இருநூறு வேண்டுமாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முள் சீவிய ஓலையை எடுத்துக் கொடுத்தபடியே சொன்னாள்.

"மோரிகி, நான் கோஸெய் இல்லப்பா. மாக்கா. உன்னைப் பெத்தவளோட தங்கச்சி."

மீதியை வரிசையாகச் சொல்லி முடித்தாள். அவன் கையிலிருந்த காத்தாடியை மடித்து முடித்தான். ஊதிப் பார்த்தான், சுற்றியது. குவியலில் போட்டான்.

"எந்த இடத்துல?" என்று கேட்டான்.

இரண்டாவது ஓடைக்கு மேலே, மரப்பெரணிகள் கூட்டமாக இருக்கும் சரிவு என்றாள். இரண்டு வருடம் கழித்து எலும்பை எடுக்கப் போனபோது மண் சரிந்து கிடந்தது என்றாள்.

"என்னிக்கு?"

தேதி தெரியாது. விடாமல் மழை பெய்த மூன்றாவது நாள்.

அவன் எழுந்து போனான். அன்று சாப்பிட வரவில்லை. மறுநாள் விடியுமுன் அரிவாளும் சோற்று உருண்டையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான் என்று ஹரூயே சொன்னாள். என்ன நடந்தது என்று அவளும் கேட்கவில்லை. மாக்கா பகல் முழுக்க வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் அன்றும் வரவில்லை. அடுத்த நாள் மதியம் முழங்கால்வரை சேற்றோடு வந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கழுவினான். எலும்பு கிடைக்காதவர்களுக்குக் கல்லறையில் கல்தான் வைப்பார்கள். ஹரூயேயைக் கூப்பிட்டு அவளிடம் சொன்னான். கதவு சாத்தியிருந்தது. மாக்காவுக்குக் கேட்கவில்லை.

அடுத்த மூன்று நாள் அவன் அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. சாப்பாடு கொண்டுவந்து வைத்தான், குளிக்க வெந்நீர் போட்டான், தொண்டையைச் செருமினான். நான்காம் நாள் வாசற்படியில் நின்று சொன்னான்.

"வண்டி வரட்டும். நிறுத்தணும்னா ஊருக்கே சொல்லணும். ஆனா அன்னிக்குக் காலையில முதல்ல என்னைப் பெத்தவங்களுக்குச் சோறு."

"கையைத் தொட வருவாங்களே?"

"தொடட்டும். கை உன்னுதுதானே. எண்பத்தொம்பது என்ன கம்மியா?"

அதை அன்று மாலை நாபேயிடம் போய்ச் சொன்னாள். நாபே சற்று யோசித்துவிட்டு, குழந்தைக்கு எண்பத்தொன்பது போதும், ஆனால் தான் தொடப்போவதில்லை, தனக்கு அது நஷ்டம் என்றாள்.

ஏழாம் நாள் காலை மோரிகி பலகையை இறக்கினான். கீழ் வரிசையில் வெறுமையாக இருந்த சில்லில் தானே தூரிகையால் எழுதினான். பட்டணத்துக் கடையில் கொடுத்திருந்தால் யார் செத்தது என்று கேட்பார்கள். எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிறந்த வீட்டில் இருக்கும் மாக்காவின் சில்லை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அது அப்படியே இருக்கட்டும் என்றான்.

ஹரூயே சோறு, பன்றிக்கறி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒரு கிண்ணம் அரிசிச் சாராயம் வைத்தாள். முன்னோரிடம் பேசுவது எந்த வீட்டிலும் பெண்கள் வேலை. ஹரூயே ஊதுவத்தியைக் கையில் எடுத்ததும் மோரிகி அதை வாங்கிக்கொண்டான். நான் சொல்கிறேன் என்றான். வெளியே வண்டிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தவர்களின் சத்தம் கேட்டது. மாக்கா சிவப்பு உடுப்போடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு முறை சரியாகத் தெரியவில்லை. ஊர் பெயரைச் சொன்னான், வீட்டைச் சொன்னான், கோழி வருடத்தில் பிறந்தவள் என்று சொன்னான். பிறகு பெயர் சொல்லி அழைத்தான்.

"கோஸெய்."

"என்ன?" என்றாள் மாக்கா.

யாரும் திரும்பவில்லை. ஊதுவத்தியின் சாம்பல் விழும்வரை மோரிகி குனிந்தே இருந்தான். பிறகு ஊர் பெயரிலிருந்து மறுபடி தொடங்கினான். இந்த முறை மாக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.