தேர்ட் பார்ட்டி போதும் என்று சொன்ன ஆண்டு

முதல் பனி விழுந்ததும் கனடாவின் ஸ்கார்பரோவில் லாரி வந்து சாலையெங்கும் உப்பைத் தூவிவிட்டுப் போகிறது. மரக்காணத்தில் பிறந்தவனுக்கு இதைப் பார்க்க இன்னமும் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் வெயிலில் வாரிக் குவிப்பதை இவர்கள் காலில் போட்டு மிதிக்கிறார்கள். ஆனால் காரை அரிப்பதில் இரண்டு நாட்டு உப்பும் ஒன்றுதான். துருவுக்கு இழப்பீடு கிடையாது என்பதில் இரண்டு நாட்டு இன்சூரன்ஸும் ஒன்றுதான். முப்பது ஆண்டுகள் இங்கே ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் மிக மரியாதையாக 'இல்லை' என்று கடிதம் எழுதியவன் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஆண்டுக்கு நான்கு மாதம் ஊரில் இருக்கிறேன். உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டு ஷெட்டில் பழைய சிவப்புக் கார் ஒன்று நிற்கிறது. அதைப் பற்றி மகன் தெளிவாகச் சொல்லிவிட்டான். "அந்தக் கார் போச்சுன்னா வேற வாங்கக் கூடாதுப்பா. அதோட ஊருக்குப் போறதையும் நிறுத்திக்கணும்." ஆக, கார் இருக்கும்வரைதான் எனக்கு ஊர்.

மே மாதம் கிளம்பும் முன் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க, கோட்டக்குப்பத்து ஏஜென்ட் அன்வர் வந்தார்.

"ஃபுல்லா போட்டுருங்க சார். மழைத்தண்ணி எஞ்சின்ல பூந்தாகூட பணம் வரும், தனியா சேத்துக்கலாம்."

நான் அவருக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். கிழட்டு வண்டியின் மதிப்பு, விலக்குகள், நிபந்தனைகள். ஓடாத வண்டிக்கு, அடுத்தவருக்கு நேரும் சேதத்தை மட்டும் ஏற்கும் தேர்ட் பார்ட்டி போதும் என்று தீர்ப்பளித்தேன். பக்கத்து உப்பளத்தின் மேஸ்திரி அஞ்சலையிடம்தான் எங்கள் வீட்டுச் சாவியும் கார் சாவியும் இருக்கும்; வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி அணைப்பதும் அவள்தான். அவள் கேட்டருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசம் வண்டிய அம்போன்னு உட்டுட்டுப் போறாரு. இதுக்கு இம்மாம் படிப்பு!"

போன வாரம் காலைக் காப்பியின்போது அன்வர் போன் செய்தார். "சார், பெரிய மழை. வண்டி எப்படி இருக்குதுன்னு பாக்க வந்தேன். ஷெட் காலியா கெடக்குது சார்!"

தேர்ட் பார்ட்டியில் திருட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. எனக்கு நானே எழுதவேண்டிய மறுப்புக் கடிதத்தின் முதல் வரி மனத்தில் ஓடிற்று. அடுத்த வரி மகனுடையது. அஞ்சலையை வீடியோவில் அழைத்தேன்.

"எங்கியும் போவல ண்ணா. ஷெட்டுக்குள்ள தண்ணி ஏறுச்சு. ஆறு பேரு தள்ளினு போயி மேட்டுல ஏத்திட்டோம். உப்புக்குப் போடற மாதிரியே ஓலை போட்டுக் கட்டிட்டேன்."

திரையில், மேட்டின் மேல் ஓலை வேய்ந்த உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. கடைசிக் குவியல் மட்டும் சற்று நீளம். இப்போது அவள் பக்கத்தில் வந்து நின்ற அன்வர் அதை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறார்.

"அன்வர், இன்னைக்கே ஃபுல் போட்டுடுங்க."

"நாலு பக்கமும் போட்டோ வேணும் சார். நாலு பக்கமும் ஓலைதான் இருக்குது."

"மழை நிக்காம பிரிக்க மாட்டேன். கம்பெனியா வந்து மறுபடி வேயும்?" என்றாள் அஞ்சலை.

முப்பது ஆண்டில் என் ஃபைலை யாரும் இவ்வளவு சுருக்கமாகத் திருப்பி அனுப்பியதில்லை. தையில் நான் வந்த பிறகு ஃபுல்லாக எழுதுவது என்று முடிவாயிற்று. எனக்கு நம்பிக்கை வரட்டும் என்று அவள் ஓலைக்குள் கைவிட்டு ஹாரனை அழுத்தினாள். பக்கத்திலிருந்த கொக்குகள் எல்லாம் எழும்பின.

அந்த உற்சாகத்தில், பால் வாங்கி வருகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். காரில் ஏறி, கதவைச் சாத்தி, கையை நீட்டினேன். எதிரே ஸ்டியரிங் இல்லை; இந்த நாட்டில் அது இடப்பக்கம். ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கம் ஏறியிருந்தேன். இறங்கி மறுபக்கம் போக மனம் வரவில்லை. கண்ணாடி முழுவதும் பனி மூடியிருக்க, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன்.