பாயசத்துக்குப் பெல்ற்

கனடாவின் மிசிசாகாவில் அக்கா மகளின் கல்யாணம். என் கார் குளிரில் கிளம்ப மறுத்ததால், சாப்பாடு ஏற்றிய சமையல்காரரின் வான் வண்டியில் இடம் கேட்டேன். காதை மூடிய கம்பளித் தொப்பிக்காரர். பாயசம் நிறைந்த கிடாரத்தை, அந்தப் பெரிய பாத்திரத்தை, முன் இருக்கையில் வைத்து, இருக்கைப் பெல்ற் போட்டு, அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். எனக்குக் கிடைத்தது பெல்ற் அறுந்துபோன பின்னிருக்கை; மடியில் அப்பளப் பெட்டி.

"அண்ணை, கூரையில கிடக்கிற பனியைத் தட்டிப்போட்டுப் போவமா?"

"ஓட ஓட உது தன்ர பாட்டில போயிடும், தம்பி."

சொன்னபடியே போனது. முதல் சிவப்பு விளக்கில் அவர் பிரேக்கை அழுத்த, கூரைப் பனி முழுவதும் சரிந்து முன் கண்ணாடியை மூடியது. நான் முன் இருக்கையில் மோத, நெற்றி புடைத்தது. அவர் கிடாரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஒரு சொட்டும் சிந்தேல்லை."

திரும்பும்போது பாயசம் முடிந்திருந்தது. இனி முன் இருக்கை எனக்குத்தான் என்று கதவைத் திறந்தேன். வெறும் கிடாரம் பெல்ற் போட்டு உட்கார்ந்திருந்தது.

"கோயில் கிடாரம், தம்பி. நெளிஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?"

நான் எந்தக் கோயிலுக்கும் சொந்தமில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு பின்னால் ஏறினேன்.