டிரைவர் பாய் உயிரோடு திரும்பிய கதை

கோவை கணபதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கலீல் ரஹ்மானுக்கு ஐம்பத்தெட்டு வயது. ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப்புகளுக்கு உயிர் கொடுப்பது தொழில். அறுபத்தைந்தாம் வருடப் பாகிஸ்தான் யுத்தத்தில் சண்டை போட்ட கொங்கு மேஜர் ஒருவரின் வாழ்க்கையைப் படமெடுக்க வந்தவர்கள் அவரிடம் ஜீப் கேட்டார்கள். அந்த வண்டிக்குக் கியர் அவர் கைக்குத்தான் விழும். அதனால் மேஜரின் டிரைவராக நடிக்கவும் அவரையே கேட்டார்கள். பாத்திரத்தின் பெயர் பாய். வெறும் பாய்.

இந்த மாதிரிப் படங்களில் ஒரு சர்தார் சிரிக்க வைப்பார், ஒரு மலையாளி டீ போடுவார், மீதிப் பட்டாளம் முழுக்க ஹீரோவின் மீசையையே வைத்திருக்கும். பாய் இடைவேளைக்கு முன்பே உயிரைக் கொடுத்துத் தன் தேசபக்தியை நிரூபித்துவிடுவார். மீசைகளிடம் யாரும் நிரூபணம் கேட்பதில்லை.

இயக்குநர் ஆதர்ஷ் சென்னைக்காரர். படத்தில் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறவர். கலீலுக்கும் இடம் கொடுத்தார்: ஒரு குல்லா, கண்ணுக்குக் கொஞ்சம் சுர்மா, உயிர் போவதைப் பற்றி ஒரு வசனம். ‘நம்பள் ஜான் போனாலும் மேஜர் சாப்கு ஒண்ணும் ஆகக் கூடாது.’

கலீல் அதை வீட்டில் படித்துக் காட்டினார். மனைவி ஆமினா பீவி கறியைக் கிளறுவதை நிறுத்தினார்.

“ஏனுங்க, கட்டிக்கிட்டு முப்பது வருசமாச்சு. ஒரு நாளாச்சும் இப்படிப் பேசியிருக்கீங்களா? யாரூட்டுப் பாசைங்க இது?”

“சினிமாக்காரங்க ஊட்டுதம்மணி.”

“உங்க அத்தா அதே சண்டையில ஜீப்பு ஓட்டிப்போட்டு முழுசாத் திரும்பி வந்தவருங்க. நீங்க செத்துப்போட்டு வந்தா இங்க சோறு இல்லீங்க.”

கலீலின் அப்பாவான அந்த அத்தா திரும்பி வந்து, லாரி ஓட்டி, எண்பத்தொரு வயதில் கட்டிலில் போய்ச் சேர்ந்தவர். திரையிலும் டிரைவர் வீடு திரும்ப வேண்டும், அத்தா பேசிய தமிழையே பேச வேண்டும் என்று கலீல் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

ஈரோட்டுப் பக்கம் வாய்க்கால் கரையில் படப்பிடிப்பு. கலீல் ஆதர்ஷிடம் போய்க் கேட்டார்.

“தம்பி, குல்லாவுக்கு மேல ஹெல்மெட்டுங்களா, ஹெல்மெட்டுக்கு மேல குல்லாவுங்களா?”

குல்லா போயிற்று. அடுத்து, குண்டு பட்டதும் ஸ்டியரிங் மேல் சாய்ந்து உயிரை விட வேண்டும் என்றார் ஆதர்ஷ்.

“செஞ்சுபோடலாமுங்க. நான் சாஞ்சா வண்டி வாய்க்காலுக்குள்ள போயிருமுங்க. பக்கத்துல உக்காந்திருக்கற மேஜரும் என்ற கூடவே வந்துருவாருங்க.”

“டூப் போட்டு ஓட்டிக்கலாம் சார்.”

“அவருக்குக் கியர் விழோணுமில்லீங்க.”

வாய்க்காலில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. மேஜராக நடிக்கும் ஹீரோ எட்டிப் பார்த்தார்.

“ஆதர்ஷ், பாய் கண்டிப்பா சாகணுமா?”

“எமோஷன் சார்.”

“எனக்கு நீச்சல் தெரியாதுப்பா.”

பத்து நிமிடம் கதை விவாதம் நடந்தது. குண்டு டயருக்கு மாற்றப்பட்டது. உயிரோடு இருக்கிற பாய்க்கு எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லை; தோன்றியதைப் பேசச் சொன்னார்கள். டயர் வெடித்தது. ஆட்டம் கண்ட வண்டியைக் கலீல் கரையோடு பிடித்து நிறுத்தினார்.

“கெட்டியாப் புடிச்சுக்கோங்க மேஜர். பொழுதுக்குள்ள ரெண்டு பேரும் ஊடு போய்ச் சேந்தரலாமுங்க.”

யூனிட் கை தட்டியது. ஆதர்ஷ் மட்டும் தலையைச் சொறிந்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பாய் மாதிரியே இல்லையே சார். டப்பிங்ல வேற குரல் போட்டுக்கறோம்.”

“இன்னும் பன்னெண்டு நாள் ஷூட்டிங் இருக்குதுங்களா தம்பி?”

“ஆமா சார்.”

“சாவி என்றகிட்டத்தானுங்க இருக்குது.”

எங்கள் ஊரில் மிரட்டலுக்கும் மரியாதை உண்டு.

ஆதர்ஷ் ஒத்துக்கொண்டார்; படப்பிடிப்பும் முடிந்தது. நாளைக் காலை ரயிலில் கலீல் சென்னைக்குக் கிளம்புகிறார், டிரைவருக்குத் தன் குரலையே கொடுக்க.