முன்னே பழசு, பின்னே புதுசு

நீங்கள் இருவரும் அப்போது ரொம்பச் சின்னவர்கள். அப்பா ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தது மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. ஏன் என்று கேட்டபோதெல்லாம் "வண்டி ரிப்பேர்" என்று சொல்லி வைத்தேன். அது பொய் இல்லை. வண்டி ரிப்பேர்தான். ஆனால் முழுக் கதையை இப்போதுதான் எழுதுகிறேன். நான் பத்தாவது பெயில். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து, மர்பி டவுனில் ஒரு அறையும் அடுப்படியுமாக வீடு பிடித்தோம். உங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. எனக்கு வேலைதான் இல்லை. அந்தச் சமயத்தில்தான் அல்சூர் ஏரிப் பக்கம் ஒருவர் டிரைவர் தேடுகிறார் என்று தெரிந்து போனேன். வீட்டுமனை விற்பவர். அவருடைய தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர்; அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். இதைக் கேட்காமலேயே சொல்லுவார்.

"மூணு மாசம் பாக்கறேன்ப்பா. சரியா இருந்தா பர்மனென்ட். இல்லேன்னா உங்க ஊருக்குக் காலையிலயும் டிரெயின் இருக்கு, சாயங்காலமும் இருக்கு."

டிரெயின் இருந்தது, வாஸ்தவம். போய் இறங்கினால் அங்கே வேலைதான் இல்லை. அதனால் அந்த மூன்று மாதத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்தேன்.

அவருடைய வண்டி ஒரு பெரிய பிக்கப். இங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவரிடம் வாங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கும். முதலாளி போய்வந்த சாலைக்கு இரண்டே தாராளம். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு திருகு இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். இன்னொரு பக்கம் திருப்பினால் நாலும் இழுக்கும். நடுவில் 'ஆட்டோ' என்று ஒரு இடம். அங்கே வைத்துவிட்டால், பின் சக்கரம் சேற்றில் வழுக்குகிறபோது வண்டியே அதைக் கண்டுபிடித்து முன் சக்கரத்துக்கும் பலம் கொடுக்கும். வழுக்கல் நின்றதும் விட்டுவிடும். நல்ல ஏற்பாடு. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்த வண்டியில் ஏறியவர்களில் அதுதான் கொஞ்சம் யோசித்து நடந்துகொண்டது.

ஆட்டோவில் வைத்தால் மீட்டர் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும். முதலாளிக்கு அந்த விளக்கின் மேல் அப்படி ஒரு பிரியம். எம்.ஜி. ரோட்டில் ஐஸ்கிரீம் வாங்கப் போனாலும் அது எரிய வேண்டும்.

"சார், ரோடு காய்ஞ்சு கெடக்கு. ரெண்டு போதுமே," என்று முதல் வாரம் சொல்லிப் பார்த்தேன்.

"நாலுக்கும் காசு குடுத்திருக்கேன்ப்பா. ரெண்டு சும்மா உக்காந்து வரணுமா?"

மனை பார்க்க வருகிறவர்களிடம் விளக்கைக் காட்டிச் சொல்வார்: "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், வண்டியே பாத்துக்கும். நம்ம லேஅவுட்டும் அதே மாதிரிதான், நீங்க கவலையே பட வேணாம்." லேஅவுட் எப்படித் தானே பார்த்துக்கொள்ளும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு பச்சையாக எரிந்தது விளக்கு.

ஆயுத பூஜை வந்தது. டயர் நாலும் தேய்ந்திருந்தது. முதலாளி பூஜைக்கென்று புது டயர் வாங்கினார். இரண்டு. கடைக்காரன் கொடுத்தது பழசைவிடக் கொஞ்சம் உயரமாகவும் இருந்தது. இரண்டையும் பின்னால் மாட்டச் சொன்னார்.

"முன்னாடிக்கு சார்?"

"லோடு பின்னாடிதானே ஏறும்?"

அந்த வண்டியின் பின்பக்கத்தில் நான் பார்த்து ஏறிய மிகப் பெரிய லோடு, அன்றைக்கு உடைக்க வாங்கிய பூசணிக்காய்தான்.

பூஜையன்று வீட்டம்மா வண்டி முழுக்கச் சந்தனம், குங்குமம் வைத்தார். மிச்சக் குங்குமத்தை ஒரு காகிதத்தில் மடித்து டேஷ்போர்டில் வைத்தார். திருகு ஆட்டோவில் இருந்தது. அதன்மேல் மஞ்சள் கயிற்றைப் பத்துச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "இத யாரும் திருப்பக் கூடாது டிரைவர். பூஜை பண்ணது."

"சரிங்கம்மா," என்றேன். வேறு என்ன சொல்வேன்? இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து வண்டி முனக ஆரம்பித்தது. நேராகப் போனால் சும்மா இருக்கும். திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால், காலில் முள் குத்தின ஆள் மாதிரி உதறும். எனக்குக் காரணம் தெரியும். சுரங்கத்தில் டிப்பர் போக நான் ஓட்டிய ஜீப்பில், சேற்றுக்கு நாலு சக்கரத்தையும் பூட்டிவிட்டு, காய்ந்த தார் ரோட்டுக்கு வந்ததும் இறங்கிக் கையால் விடுவிக்க வேண்டும். மறந்தால் இதே உதறல்தான் வரும். இங்கே முன் டயர் சின்னது, பின் டயர் பெரியது. ஒரே தூரத்துக்கு முன்னது அதிகம் சுற்றுகிறது. பாவம் அந்த வண்டி, எந்தச் சக்கரமோ வழுக்குகிறது என்று நினைத்து, எம்.ஜி. ரோட்டில் இல்லாத சேற்றிலிருந்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டே வந்தது.

முதலாளி வீட்டில் அதற்குக் கண்ணேறு என்று பெயர். எலுமிச்சம்பழம் கட்டினார்கள். பூசணி உடைத்தார்கள். அதற்கும் முனகல் நிற்கவில்லை. அப்புறம் என் கை சரியில்லை என்று முடிவு செய்தார்கள்.

"சார், டயர் முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணா..."

"சும்னே ஏதாவது சொல்லாதப்பா. பாறை ஏத்தின கை உன் கை. இது டிப்பர் இல்ல."

வாயை மூடிக்கொண்டேன். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். காரணம் தெரிந்தும் ஒரு மாதம் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் சிவாஜிநகரில் அவருக்குப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் அனுப்பினார். பாய் வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. தூரத்தில் டீ குடித்துக்கொண்டே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"க்யா பாய் இது? முன்னாடி தேஞ்ச செருப்பு, பின்னாடி ஹை ஹீல்ஸ். இப்டி நடந்தா இடுப்பு போவாதா?"

"ஓனருக்கு நீங்களே சொல்லுங்க பாய்."

"ரெண்டு டயர் மாத்துனேன்னாரு, அப்பவே சொல்லிட்டேன், போன்ல. 'கேட்டது சத்தத்த, டயர இல்ல'ன்றாரு. ரெண்டு டயர் வாங்கணும், இல்ல திருக ரெண்டுல போடணும். விட்டா உள்ள கியர் பூரா போயிடும். அப்பறம் உன் தலையிலதான் கட்டுவாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை, பாங்கில் ரிட்டயர் ஆன ஒருவரும் அவர் மனைவியும் அத்திபெலேக்கு இந்தப் பக்கம் இருக்கும் லேஅவுட்டில் கார்னர் சைட், அதாவது மூலை மனை, பார்க்க வந்தார்கள். கிளம்பும் முன் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மூணு மாசம் இன்னிக்கோட முடியுதில்ல? சத்தம் வராம கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தா நீ பர்மனென்ட். வந்துச்சுன்னா அங்கயே எறங்கிக்கோ."

அவர் செருப்பு மாட்டப் போன நேரத்தில் கயிற்றை அவிழ்த்தேன். திருகை இரண்டில் வைத்தேன். பச்சை விளக்கு அணைந்தது. கயிற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஓசூர் ரோடு முழுக்க வண்டி எண்ணெய் மாதிரி போனது. முதலாளி பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து தம்பதியிடமே பேசிக்கொண்டு வந்ததால் விளக்கைப் பார்க்கவில்லை. லேஅவுட் வாசலில் பெரிய திருப்பம். அங்கேயும் ஒரு முனகல் இல்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா, நேத்து ஒரு பூசணிக்கா ஒடைச்சேன், சரியாப் போச்சு! இதுல ஒரு லைட் இருக்கு பாருங்க..." என்று விரலை நீட்டினார். நீட்டிய விரல் அப்படியே நின்றது. "ஏய், லைட் எங்க? கயிறு எங்க?"

"நான்தான் அவுத்தேன் சார்."

"பூஜை பண்ண கயித்தையா?"

வேலை போய்விட்டது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. போகிறதுதான் போகிறது, காரணத்தையாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன். டேஷ்போர்டில் இருந்த குங்குமத்தை எடுத்து, முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடுகிற இடத்தில் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். அந்த அம்மாளைப் பார்த்து, "நீங்களே எண்ணுங்கம்மா. முன் டயர் பத்துச் சுற்றுச் சுத்தினதும் நிறுத்தச் சொல்லுங்க," என்றேன். வண்டியை மெதுவாக நகர்த்தினேன். அந்த அம்மாள் கூடவே நடந்து எண்ணினார்.

"பத்து! நிறுத்துப்பா."

நிறுத்தி இறங்கினேன். முன் டயரின் பொட்டு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின் டயரின் பொட்டு இன்னும் வந்து சேரவில்லை. முழங்கால் உயரத்தில் நின்றது.

"ரெண்டு டயர்தான் மாத்தியிருக்கு. அதான் சத்தம். கண்ணேறும் இல்ல, என் கையும் இல்ல," என்றேன்.

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "டிரைவருங்க ஏதோ பேசுவாங்க. வாங்க மேடம், சைட் பாக்கலாம்."

அந்த அம்மாள் நகரவில்லை. அவர் கேட்டதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "டயர்லயே பாதிதான் மாத்தியிருக்கீங்க. டிரெய்னேஜ் எத்தனை தெருவுக்குப் போட்டிருக்கீங்க?"

பிறகு அவரே நடந்து போய்ப் பார்த்தார். வாசலில் இருக்கிற முதல் தெருவுக்குச் சிமென்ட் சாக்கடை, மேலே மூடி, ஓரத்தில் பூச்செடி. இரண்டாவது தெருவுக்குச் சுண்ணாம்புக் கோடு மட்டும். கணவரைக் கூப்பிட்டார். "வாங்க, போலாம். இவரு முன்னாடி மட்டும் போட்டிருக்காரு."

"நீ எறங்கு," என்றார் முதலாளி என்னிடம். நான் ஏற்கெனவே இறங்கித்தான் நின்றேன். சாவியை அவர் கையில் கொடுத்தேன். ஓட்டிப் பழக்கம் இல்லாததால், அந்தத் தம்பதியை ஏற்றிக்கொண்டு லேஅவுட்டை விட்டு வெளியே வருவதற்குள் மூன்று முறை பிரேக் போட்டார். போகும் முன் திருகை மறுபடி ஆட்டோவுக்குத் திருப்பினார் போலிருக்கிறது. திருப்பத்தில் அந்த முனகல் எனக்கு நன்றாகக் கேட்டது.

அத்திபெலேயில் பஸ் பிடித்து, சிவாஜிநகரில் இறங்கி, நடந்தே வீடு வந்தேன். உங்கள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "இத சத்தம் வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா, அன்னிக்கே வேலை போயிருக்கும். பரவால்ல, கூட ஒரு மாசம் சாப்ட்டோம்," என்றாள். அவ்வளவுதான் சண்டை. ஒரு மாதம் கழித்து மெக்கானிக் பாய் சொல்லித்தான் பள்ளி வேன் வேலை கிடைத்தது. அந்த வேனில்தான் நீங்கள் முன் சீட்டுக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தீர்கள்.

மறு வருஷம் வேனுக்கு பிரேக் பார்க்கப் போனபோது, பாயின் ஷெட்டில் அந்தப் பிக்கப் நின்றது. உள்ளே கியர் போய்விட்டதாம். புதுசு வாங்க மனசில்லாமல், முன் சக்கரத்துக்குப் பலம் போகும் தண்டையே கழற்றி எடுக்கச் சொல்லிவிட்டாராம். இனி ஆயுசுக்கும் இரண்டு சக்கரம்தான்.

ஆனால் எட்டிப் பார்த்தால், மீட்டர் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்படி பாய் எரியுது?"

"தனியா ஒரு ஒயர் இழுத்துக் குடுத்தேன் பாய். ஓனர் ஆர்டர்," என்றார் பாய். "அது மட்டும் எரிஞ்சா போதுமாம்."