முள் இறங்கவில்லை

நான் சரக்கு ரயில் கார்டு. காரைக்குடியில் குடியிருக்கிறேன். ஒரு நாள் காலை, சிவகங்கை போகும் வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில், உர மூட்டை ஏற்றிவந்த வண்டியைப் பொறுப்பேற்றேன். டிரைவரும் நானும் புதிதாக ஏறியவர்கள். கொண்டுவந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள்.

கிளம்புமுன் பிரேக் சோதனை உண்டு. எஞ்சினில் பிரேக் போட்டால், கடைசிப் பெட்டியில் என் மீட்டரிலும் காற்றழுத்தம் குறைய வேண்டும்.

வாக்கிடாக்கியில் டிரைவர் கேட்டார். "போட்டாச்சும்மா. முள்ளு எறங்குச்சா?"

"இல்லண்ணே. அசையவே இல்ல."

"மீட்டர் கோளாறா இருக்கும். தட்டிப் பாருங்க."

தட்டினேன். அசையவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரும், "அது பழைய மீட்டரு, பின்னால எக்ஸ்பிரஸ் வருது" என்று விரட்டினார். இருவரும் பார்க்காமலே மீட்டரைக் குறை சொன்னது எனக்கு உறுத்தியது. இறங்கி நடந்தேன்.

வண்டியின் நடுவில், இரண்டு பெட்டிகளுக்கு இடையே காற்றுக்குழாயின் வால்வு மூடியிருந்தது. அதற்குப் பின்னால் எந்தப் பெட்டியிலும் டிரைவர் போடும் பிரேக் பிடிக்காது. அந்தக் கைப்பிடியைத் தூக்கித்தான் திருப்ப முடியும், தானாகத் திரும்பாது. பதற்றத்தில் நானே திறந்துவிட்டேன். பக்கத்தில் யாருமில்லை.

நடந்ததை எழுதிக் கொடுத்தேன். விசாரணையில் அதிகாரி கேட்டார். "நீங்க திறந்ததை யாரும் பாக்கல. மூடினதும் நீங்களா இருக்கலாமே? கண்டுபிடிச்சா பாராட்டு கிடைக்கும்ல?"

அதன்பின் நான் ஓய்வறைக்குள் நுழைந்தாலே பேச்சு நின்றது. நானும் ஒவ்வொருவர் கையையும் பார்த்தபடி இருந்தேன். இவராக இருக்குமோ?

அடுத்த விசாரணையில் டிரைவர் எழுந்தார்.

"இவங்க மீட்டரத் தட்டிக்கிட்டிருந்தப்பவே பிரேக்க எடுத்தேன், காத்து சட்டுனு ஏறிருச்சு சார். முழு வண்டின்னா அம்புட்டு வேகமா ஏறாது. அந்தம்மா எறங்குறதுக்கு முன்னாடியே மூடித்தான் இருந்திருக்கு. எனக்கு அப்பவே தெரிஞ்சுச்சு. சொல்லாம விட்டுட்டேன்."

எஞ்சினில் பதிவாகியிருந்ததும் அதையே காட்டியது. என்னை விட்டுவிட்டார்கள். தண்டனை அவருக்கு வந்தது.

மானகிரியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தண்ணீர்ச் சொம்பை என் முகம் பாராமல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஏண்ணே சொன்னீக? பேசாம இருந்திருக்கலாம்ல."

"இருந்து பாத்தேன், முடியல."

"மூடுனது யாருன்னு நெனக்கிறீக?"

அவர் சொம்பை என் பக்கம் நகர்த்தினார்.

"தெரியலம்மா. இனிமே வால்வுல கை வைக்கிறதுக்கு முன்னாடி யாரையாச்சும் சாட்சிக்கு வச்சுக்கங்க. யாரையும் நம்பாதீக. என்னையுந்தான்."