செத்துப்போன தம்பியின் படம்

யாக்கோபுக்கு உடன்பிறந்த தம்பி என்று ஒருவர் கிடையாது. மூன்று அக்காமாருக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி அவர். அப்படிப்பட்டவர் ஐம்பத்துமூன்று வயதில், இத்தாலியின் பலேர்மோ நகரில், கால்சாப் பகுதியில் தனேஸின் படப்பிடிப்புக் கடைக்குள் போய், தன் தம்பி இலங்கையில் நடந்த சண்டையில் செத்துப்போனான் என்று சொல்லிவிட்டு வந்தார். வேறு வழி தெரியாமல் சொன்ன பொய். அதுதான் மனிதரைக் கவிழ்த்தது.

ஊர்காவற்றுறை ஆள் அவர். தொண்ணூற்று நாலில், இருக்க அனுமதி தரும் பெர்மெஸ்ஸோ என்ற ஒரு துண்டு கடதாசி இல்லாமல் ரோமுக்கு வந்து, ஒரு விடுதிக் குசினியில் சட்டி கழுவினார். அந்த நாளில் வடிவான பெடியன். இப்போது சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நல்ல உயரம், சுருட்டை முடி, பெரிய கண். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் விடுதிக்கு வந்துபோகும் ஒருவன் படத்தில் நடிக்கக் கேட்டான். பெர்மெஸ்ஸோவும் எடுத்துத் தருவதாகச் சொன்னான். சினிமா என்று நினைத்துப் போனார் யாக்கோபு. உடுப்பைக் கழற்றச் சொன்ன பிறகுதான் அது என்ன படம் என்று தெரிந்தது. திரும்பி வந்திருக்கலாமே என்று இன்றைக்குக் கதிரையில் சாய்ந்திருந்து யாரும் கேட்கலாம். கேட்கிறவர்கள் பொலிஸைக் கண்டு வீதி மாறி நடந்தவர்கள் இல்லை.

நாலு வருடம், ஒன்பது படம். ஒன்றில் மகாராஜா, ஒன்றில் பாம்பாட்டி, ஒன்றில் வைத்தியர். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பாகை. வசனம் இல்லை. கண்ணை உருட்டி வாயைப் பிளக்கச் சொல்வார்கள், பிளப்பார். முடிந்ததும் பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டு அறைக்குத் திரும்புவார். பெர்மெஸ்ஸோ மட்டும் வரவேயில்லை. கடைசியில் பலேர்மோவில் ஒரு வயதான சின்யோரா, படுக்கையில் கிடந்த புருஷனைப் பார்க்க ஆள் வேண்டுமென்று கையெழுத்து வைத்தாள். அவள் புண்ணியத்தில்தான் யாக்கோபுக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது.

செலஸ்ரீனாவைக் கட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள் இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "சரி. ஆனா இதை இனி உங்கட வாயாலை எடுக்கக்கூடாது" என்றாள். எடுக்கவுமில்லை. துறைமுகத்தில் நாப்போலி நகருக்குப் போகும் கப்பலின் அறைகளுக்கு விரிப்பு மாற்றும் வேலையில் முடி கொட்டியது, வயிறு வைத்தது. ஒரே மகள் நிலக்ஷி வளர்ந்து மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். அவளுக்குக் கல்யாணம் சரிவந்த நாளிலிருந்து மனிதருக்கு ஒரேயொரு ஆசைதான். மகளின் கையைப் பிடித்துக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை கூட்டிக்கொண்டு போகவேண்டும். கோட் தைத்தாகிவிட்டது. வீட்டுக்குள் நடந்து பழகவும் தொடங்கிவிட்டார்.

"மெதுவா நடவுங்கோப்பா, கப்பல் வெளிக்கிட்ட மாதிரியெல்லே ஓடுறியள்" என்று செலஸ்ரீனா சிரித்தாள்.

யார் கண் பட்டதோ, அந்த நேரம் பார்த்துத்தான் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்குள் அந்த ஸ்டிக்கர் வந்தது. தலைப்பாகை, உருட்டிய கண், பிளந்த வாய், கீழே 'ஐயோ கடவுளே'. எங்கோ சுற்றித் திரிந்த முகத்தைத் தனேஸ் வெட்டி எடுத்து எழுத்துப் போட்டிருந்தான். தனேஸ் கல்யாண வீடும் எடுப்பான், நினைவஞ்சலி அட்டையும் அடிப்பான். நல்ல பிள்ளை, வாயில்தான் ஒன்றும் தங்காது. சனத்துக்கு அந்த முகம் பிடித்துப்போயிற்று. மழை பெய்தாலும் அதை அனுப்பினார்கள், பஸ் பிந்தினாலும் அதை அனுப்பினார்கள். ஆளை ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒருநாள் நிலக்ஷியே, 'அப்பா இன்னும் டை வாங்கேல்லையோ' என்று எழுதி, கூடவே அந்த முகத்தையும் அவருக்கு அனுப்பினாள். யாக்கோபு போனைக் கொண்டுபோய்ச் செலஸ்ரீனாவிடம் காட்டினார்.

"பேசாமல் இருங்கோ. ரெண்டு கிழமையிலை சனம் மறந்துபோகும்" என்றாள் செலஸ்ரீனா. அவள் சொன்னதுதான் சரி. மனிதர் கேட்டால்தானே! அடுத்த நாளே கடைக்குப் போனார்.

"அந்தப் படத்தை எடுத்துவிடும் தனேஸ்."

"ஏனண்ணை, ஆரது?"

"என்ர தம்பி. சண்டையிலை செத்துப்போனான்."

தனேஸ் எழும்பி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கிவிட்டது. "சத்தியமாத் தெரியாதண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அந்த இடத்திலேயே ஸ்டிக்கரை அழித்தான். இனி ஒருவரும் போடவேண்டாம் என்று குழுவிலும் எழுதினான். யாக்கோபு பாரம் இறங்கி வீட்டுக்கு வந்தார்.

அதோடு விட்டிருந்தால் அவன் தனேஸ் இல்லையே! செய்த பிழைக்கு ஈடாக, கல்யாணப் பொம்பிளையின் செத்துப்போன சித்தப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கல்யாண மண்டபத்தில் மெழுகுதிரி கொளுத்தி வைக்க நினைத்தான். எங்கள் சனத்தின் கல்யாணங்களில் வழக்கமாகச் செய்வதுதான். ஸ்டிக்கரைப் பெரிதாக்கினால் முகம் கலங்கியது. தெளிவான படம் ஒன்று கிடைக்குமா என்று இன்டர்நெட்டில் போட்டுத் தேடினான். கிடைத்தது, முகம் மட்டுமல்ல, அந்தப் பழைய படமே. இடது காதுக்குக் கீழே மச்சத்தையும் கண்டான். முதல்நாள் தன் எதிரே நின்ற மனிதரின் மச்சம்.

அவன் சொன்னது ஒரேயொருவருக்குத்தான்: செலஸ்ரீனாவின் அண்ணன் றெஜிக்கு. றெஜி தன் மனைவிக்குச் சொன்னார். ஞாயிறு பூசைக்குள் குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆம்பிளைகள் முதுகில் தட்டி, "என்ன மகாராஜா" என்று இளித்தார்கள். அதைக்கூட அவர் தாங்கியிருப்பார். ஆனால் அந்தக் கோயிலில் உண்மையாகவே தம்பியைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேர்! இரண்டு தம்பிமாரை இழந்த கிறிகோரி, பூசை முடிந்ததும் யாக்கோபின் முன்னால் வந்து நின்றார்.

"செத்ததுகளையுமோடா விளையாட்டுக்கு எடுத்தனீ?"

யாக்கோபு பக்கத்துக் கதவால் வெளியே போய்விட்டார். என்னதான் சொல்வார், பாவி மனிதர்.

மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்தவில்லை. அவ்வளவுக்கு நல்ல மனிதர்கள். மூன்று நாள் கழித்து நிலக்ஷி குசினிக்குள் வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, எனக்கு உங்களிலை கோவமில்லை. பெர்மெஸ்ஸோ இல்லாமல் நீங்கள் என்ன செய்வியள்? எனக்கு விளங்குது."

"பிள்ளை..."

"ஆனா நான் உங்களோடை நடந்து வந்தா சனம் உங்களைத்தான் பாக்கும். அந்த ஒருநாளாவது என்னைப் பாக்கட்டும் அப்பா. நான் றெஜி மாமாவோடை வாறன்."

சொல்லிவிட்டு அழுதாள். அவளைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? யாக்கோபு அவளுடைய தலையைத் தடவி, "ஓம் பிள்ளை, அதுதான் நல்லது" என்றார். பிறகு முகம் கழுவப் போகிறவர்போல எழும்பிப் போய், குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார்.

கல்யாணத்தன்று தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தூண் மறைவில் ஆறாவது வாங்கில் இருந்தார். பாட்டு எழுந்தது. றெஜியின் கையைப் பிடித்துக்கொண்டு நிலக்ஷி வாசலில் கால் வைத்தாள். சனம் முழுவதும் எழும்பித் திரும்பியது. பாதிப் பேர் வாசலைப் பார்த்தார்கள். மீதிப் பேர் யாக்கோபு எங்கே இருக்கிறார் என்று தேடினார்கள். கண்டுபிடித்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கையைக் காட்டினார்கள். நடந்து வந்த நிலக்ஷியும் அந்தக் கைகள் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தாள்.